மருந்து பாட்டில திறக்குறதுக்கு முன்னாடி தண்ணிய பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வீட்டு மீன் தொட்டி பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, இந்த விஷயத்துக்கெல்லாம் பேப்பர்ல இடம் கிடைக்குதேன்னு சந்தோஷமாதான் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா கீழ கட்டம் கட்டி நோய் ஒரு பக்கம் மருந்து ஒரு பக்கம்னு ஒரு பட்டியல் இருந்துச்சு பாருங்க, அதுதான் இந்த லெட்டர எழுத வச்சது. உடம்புல வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா இந்த மருந்து ரெண்டு மூடி, துடுப்பு கிழிஞ்சா ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் ஒன்ன பிரிச்சு கொட்டுங்க, மீன் மேல வந்து வாயத் தொறந்தா உப்பு ஒரு கை. அவ்ளோதான். தொட்டி எத்தனை லிட்டர்னு கேள்வியே இல்ல, உள்ள என்ன மீன் இருக்குன்னு கேள்வி இல்ல, தண்ணிய டெஸ்ட் பண்ணீங்களான்னு ஒரு வரி கூட இல்ல.

நான் ரொம்ப வருஷமா மீன் வளக்குறவன், தெரிஞ்சவங்க மீனுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்குத்தான் போட்டோ அனுப்புவாங்க. அதனால இந்தப் பட்டியல பாத்துட்டு எத்தனை வீட்ல நேரா தொட்டிக்குள்ள கேப்ஸ்யூல் போயிருக்கும்னு நெனச்சாலே பதறுது. மீன் நோய்ல மருந்துங்கிறது கடைசி வேலை சார். அதுக்கு முன்னாடி தண்ணிய டெஸ்ட் பண்ணணும், மீன நிதானமா உக்காந்து பாக்கணும், இத பண்ணாம ஊத்துற மருந்து பெரும்பாலும் மீன இன்னும் சீக்கிரமா அனுப்பி வைக்கத்தான் உதவும்.

மொதல்ல தண்ணி. மீன் அதோட கழிவுல பெரும்பகுதிய செவுள் வழியா அமோனியாவாத்தான் வெளிய விடுது, விட்டது அது மூச்சு விடுற அதே தண்ணிலயே கெடக்கு. ஃபில்டர்ல வளர்ற பாக்டீரியாதான் அத நைட்ரைட்டா மாத்தும், வேற பாக்டீரியா அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும், புதுத் தொட்டில இது செட்டாக 4லேர்ந்து 6 வாரம் ஆகும். தொட்டி வாங்குன அன்னைக்கே மீனையும் அள்ளிட்டு வந்து விட்டுட்டு, ரெண்டாவது வாரத்துல ஒன்னொன்னா சாகுதுன்னு சொல்றவங்க வீட்ல பெரும்பாலும் நோய்னு ஒன்னு இருக்காது, அமோனியாதான் இருக்கும். அந்த நேரத்துல ஆன்டிபயாடிக் கொட்டுனா என்ன ஆகும்? பாதி வளர்ந்திருந்த ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபட்டு அமோனியா இன்னும் ஏறும். ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாயடில வச்சு பளிச்சுன்னு கழுவுறவங்களும் இதையேதான் பண்றாங்க, குழாத் தண்ணில இருக்கிற குளோரின் அந்த பாக்டீரியாவ கொன்னுடும், தொட்டிலேர்ந்து எடுத்த பழைய தண்ணிலதான் ஸ்பாஞ்ச அலசணும்.

அமோனியா எவ்ளோ விஷம்ங்கிறதே பிஹெச்ச, அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மைய காட்டுற அளவ பொறுத்தது, இது நெறைய பேருக்கு தெரியாது. 25 டிகிரில பிஹெச் 7 இருந்தா மொத்த அமோனியால விஷமான வடிவத்துல இருக்கிறது நூத்துக்கு ஒரு பங்கு கூட வராது, பிஹெச் 8 ஆனா அதுவே நூத்துக்கு 5 பங்கு ஆயிடும். மாசக்கணக்கா தண்ணி மாத்தாத தொட்டில பிஹெச் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிடும், அமோனியா சேர்ந்து கெடந்தாலும் பெருசா கடிக்காது, மீன் ஏதோ ஓட்டிட்டு இருக்கும். ஒரு நாள் வீடு சுத்தம் பண்ற வேகத்துல முக்கால்வாசி தண்ணிய மாத்திடுவாங்க, புதுத் தண்ணியோட பிஹெச் சாஸ்தி, மிச்சம் இருந்த அமோனியால விஷமான பங்கு சட்டுன்னு பல மடங்கு ஏறிடும், சாயங்காலம் மீன் செத்து மெதக்கும். அப்புறம் தண்ணி மாத்துனாலே மீன் செத்துடும்னு ஒரு நம்பிக்கை அந்த வீட்ல நிரந்தரமா உக்காந்துக்கும், அதுக்கப்புறம் அவங்க தண்ணியே மாத்த மாட்டாங்க. அந்த மாதிரி பழைய தொட்டிய கொஞ்சங் கொஞ்சமா, பத்து பதினஞ்சு சதவீதமா, பல நாள் எடுத்து மாத்தித்தான் சரிக்கு கொண்டு வரணும்.

மீன் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுறதுக்கு உப்பு ஒரு கைன்னு போட்டிருந்தீங்களே, அத எடுத்துக்குவோம். அதுக்கு அமோனியா காரணமா இருக்கலாம், குளோரின் இருக்கலாம், ராத்திரி ஏர் பம்ப் நின்னு போயிருக்கலாம், தண்ணி சூடாயிருக்கலாம் (20 டிகிரில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரில ஏழரைதான்), செவுள்ல ஒட்டுப்புழு கூட இருக்கலாம். நைட்ரைட் இருந்தா அது ரத்தத்துல ஆக்சிஜன் தூக்குற சக்தியையே கெடுத்துடும், செவுள் செவப்பா இல்லாம பழுப்பா தெரியும், இதுக்கு மட்டும் உப்பு நெஜமாவே உடனடி உதவி பண்ணும், ஏன்னா உப்புல இருக்கிற குளோரைடு நைட்ரைட்ட செவுளுக்குள்ள ஏற விடாம தடுக்கும். ஒட்டுப்புழுவத் தவிர மத்ததுக்கெல்லாம் குளோரின் எடுத்த தண்ணி மாத்துறதும் காத்து குடுக்குறதும்தான் வழி. எல்லா மீனும் ஒரே நேரத்துல, சில மணி நேரத்துக்குள்ள மேல வந்துச்சுன்னா சந்தேகம் தண்ணி மேலதான் போகணும். ஒன்னு இன்னைக்கு, நாலு நாள் கழிச்சு இன்னொன்னுன்னு வந்தாத்தான் தொத்து நோய யோசிக்கணும். இந்த ஒரு கேள்வியையாவது பட்டியலுக்கு மேல போட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

இப்ப அந்த வெள்ளை விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப வருத்தம் இதுலதான். வெள்ளையா தெரியறது எல்லாம் ஒரே நோய் இல்ல, ஒன்னுக்கு மருந்தா இருக்கிறது இன்னொன்னுக்கு எமன்.

ஒயிட் ஸ்பாட்னு சொல்ற இக், ஒரு செல் ஒட்டுண்ணி. உப்புத் துகள் தூவுன மாதிரி சின்னச் சின்னதா, கிட்டத்தட்ட ஒரே அளவு புள்ளி, துடுப்புலயும் உடம்புலயும் கண்டபடி இருக்கும், மீன் கல்லுலயும் செடிலயும் போய் உரசும். இதுக்கு ஹீட்டர்ல வெப்பத்த 28லேர்ந்து 30 டிகிரி வரைக்கும் மெதுவா ஏத்தி மருந்தோ உப்போ சேக்குறது வழக்கம். இப்ப காலம்னாரிஸ்னு ஒன்னு இருக்கு, வாயச் சுத்தி வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி, இல்லன்னா முதுகுல வெளிறிப்போன பட்டையா வரும். பாக்குறதுக்கு பூஞ்சை மாதிரியே இருக்கும், ஆனா அது பாக்டீரியா. அது சூட்டுல இன்னும் வேகமா பரவும், கடுமையா வந்தா ஒன்னு ரெண்டு நாள்ல தொட்டியே காலி. இக்னு நெனச்சு ஹீட்டர ஏத்துனவங்க வீட்ல என்ன நடக்கும்னு நீங்களே யோசிங்க.

நெஜமான பூஞ்சையும் இருக்கு, அது அடிபட்ட எடத்துலயோ செத்த சதையிலயோதான் பெரும்பாலும் பிடிக்கும், நீளநீளமா இழை விட்டு தண்ணில ஆடும். அங்க அந்தக் காயம் எப்படி வந்துச்சுன்னு தேடணும், இன்னொரு மீன் கடிச்சுதா, கூரான கல்லு குத்துச்சான்னு. அப்புறம் லிம்ஃபோசிஸ்டிஸ்னு ஒரு வைரஸ், துடுப்பு ஓரத்துல காலிஃப்ளவர் மாதிரி மொத்தையா வெள்ளைக் கட்டி, அதுக்கு மருந்தே கிடையாது, தண்ணிய நல்லா வச்சு விட்டுட்டா பெரும்பாலும் தானா போயிடும். வெல்வெட்டுன்னு சொல்றது வெள்ளையும் இல்ல, தூசி மாதிரி மங்கலான தங்க நெறம், நேரா பாத்தா தெரியவே தெரியாது. ரூம் லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச சாய்வா அடிச்சு பாத்தாத்தான் உடம்பு மேல பொன்னாட்டம் மினுங்கும். அந்த ஒட்டுண்ணி வெளிச்சத்துல உணவு தயாரிக்கக்கூடிய சாதி, அதனால மருந்தோட சேத்து தொட்டிய இருட்டாக்கவும் செய்வாங்க.

போன சீசன்ல பக்கத்து வீட்டுப் பையன் அவனோட கோல்டு ஃபிஷ்ஷ போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுனான், அங்கிள் இக் வந்துடுச்சு, மருந்து வாங்கிட்டேன், எவ்ளோ ஊத்தணும்னு கேட்டான். போட்டோ வேண்டாம்டா, மீனையே பாக்கலாம்னு அவங்க வீட்டுக்குப் போய் தொட்டி முன்னாடி ஒரு ஸ்டூல போட்டு உக்காந்தேன். வெள்ளைப் புள்ளி இருந்துச்சு, ஆனா செவுள் மூடி மேலயும் முன் துடுப்போட மொத கம்பியிலயும் மட்டும்தான், அதுவும் வரிசையா. உடம்புல ஒன்னு கூட இல்ல, வால்ல இல்ல. மீன் எங்கயும் உரசல, நல்லா சாப்பிடுது, இன்னொரு மீன் பின்னாடியே வெரட்டிட்டு சுத்துது. அது ஆண் மீன், இனப்பெருக்க காலத்துல ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்த எடத்துல அப்படித்தான் சின்ன முள்ளாட்டம் எழும்பும், காலம் முடிஞ்சா மறைஞ்சிடும். மருந்து பாட்டில் சீல் ஒடைக்காமயே கடைக்கு திரும்பப் போச்சு, அந்த மீன் இன்னைக்கும் ஜம்முன்னு இருக்கு. உங்க பட்டியலப் பாத்திருந்தா அவன் ரெண்டு மூடி ஊத்தியிருப்பான்.

சரி, இக்குதான்னு உறுதியே ஆயிடுச்சுன்னு வைங்க. அப்பவும் ரெண்டு மூடி ஊத்துனா சரியாகாது. நம்ம கண்ணுக்குத் தெரியற அந்தப் புள்ளி மீனோட தோலுக்கு அடியில இருக்கு, மருந்து அத தொடாது. அது முத்துனதும் கீழ விழுந்து கல்லு மேலயோ செடி மேலயோ கூடு கட்டிக்கும், அப்பவும் மருந்து பெருசா உள்ள போகாது. அந்தக் கூடு ஒடைஞ்சு நூத்துக்கணக்குல, சமயத்துல ஆயிரம் வரைக்கும் கூட, குட்டிங்க நீந்தி வந்து மீனத் தேடும், அந்த ஒன்னு ரெண்டு நாள் இடைவெளிலதான் மருந்து கொல்லும். இந்த மொத்த சுத்தும் 25 டிகிரி பக்கம் சில நாள்ல முடிஞ்சிடும், குளிர்ந்த தண்ணில வாரக்கணக்குல இழுக்கும், வெப்பத்த ஏத்துறதே இத வேகப்படுத்தத்தான். அதனால மூணாவது நாள் புள்ளி மறைஞ்சதும் குணமாயிடுச்சுன்னு நிறுத்துறவங்களுக்கு அடுத்த வாரம் முன்னவிட ரெண்டு மடங்கா வரும். கடைசிப் புள்ளி மறைஞ்ச பெறகும் சில நாள் விடாம பண்ணணும். செவுள் ஒட்டுப்புழுவும் இதே கதைதான், பிராசிகுவான்டெல்ங்கிற புழு மருந்து பெரிய புழுவ கொல்லும், முட்டைய கொல்லாது, முட்டை பொரிச்ச பெறகு இன்னொரு தடவ குடுத்தே ஆகணும்.

அளவு பத்தி சொல்லாம விட முடியாது. ரெண்டு மூடின்னா யாரோட தொட்டிக்கு? நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வரும். 60க்கு 30க்கு 35 தொட்டின்னா கணக்கு 63 லிட்டர், ஆனா அடியில மணல், கல்லு, மேல விட்ட இடைவெளி எல்லாம் கழிச்சா உள்ள இருக்கிற தண்ணி 50 சொச்சம்தான். மாலகைட் க்ரீன் மாதிரி மருந்துல இந்த வித்தியாசமே ஆபத்து, அதுவும் லோச், செதில் இல்லாத பூனை மீன், சின்ன டெட்ரா எல்லாம் மத்த மீன் தாங்குற அளவ தாங்காது, அதுங்களுக்கு பாதி டோஸ்னு நெறைய பாட்டில்லயே போட்டிருக்கும். காப்பர் கலந்த மருந்து எறாலையும் நத்தையையும் மொத்தமா முடிச்சிடும். ஃபார்மலின் தண்ணில இருக்கிற ஆக்சிஜனயும் கொறைக்கும், ஏர் ஸ்டோன் போடாம ஊத்தவே கூடாது. ஃபில்டர்ல கார்பன் இருந்தா வெளிய எடுத்துடணும், இல்லன்னா ஊத்துன மருந்த அதுவே உறிஞ்சிடும். உப்பும் அப்படித்தான், லிட்டருக்கு 1லேர்ந்து 3 கிராம்னு எடை போட்டு, கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடணும், கையால அள்ளிப் போடக்கூடாது. தண்ணி ஆவியானாலும் உப்பு ஆவியாகாது, அதனால கொறைஞ்ச தண்ணிக்கு வெறும் தண்ணிதான் ஊத்தணும், திரும்ப உப்பு போடக்கூடாது.

ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் பத்தி எழுதும்போது கொஞ்சம் கோவமே வருது சார், மன்னிக்கணும். துடுப்பு கிழிஞ்சிருக்கிறது பாதி நேரம் இன்னொரு மீன் கடிச்சது, மீதி நேரம் மோசமான தண்ணி. கடிச்சதுன்னா கிழிசல் துண்டு துண்டா சுத்தமா இருக்கும், அழுகுதுன்னா ஓரம் வெள்ளையாவோ செவப்பாவோ இருந்து நாளுக்கு நாள் உள்ள ஏறும், பக்கத்துல பாத்தா தெரிஞ்சிடும். நல்ல தண்ணி குடுத்தாலே துடுப்பு திரும்ப வளரும். அதுமில்லாம நன்னீர் மீன் தண்ணி குடிக்கிறதே ரொம்ப கம்மி, தண்ணிதான் தானா செவுள் வழியா உள்ள ஊறிக்கிட்டே இருக்கும், அத வெளியேத்துறதே அதோட கிட்னிக்கு முழுநேர வேலை. அதனால தண்ணில கொட்டுற நெறைய ஆன்டிபயாடிக் மீன் உடம்புக்குள்ள தேவையான அளவு போறதே இல்ல, மீன் சாப்பிடுற நெலமையில இருந்தா தீவனத்துல கலந்து குடுக்குறதுதான் பலன் தரும். டெட்ராசைக்ளின் சேந்த மருந்து கடினத் தண்ணில இருக்கிற கால்சியத்தோட ஒட்டிக்கிட்டு வீரியமே போயிடும். போகட்டும், அந்தத் தண்ணிய கடைசில எங்க ஊத்துறோம்? சாக்கடைலதான். எந்த பாக்டீரியான்னே தெரியாம, அரை டோஸ், கால் டோஸ்னு கொட்டிக் கொட்டி மருந்துக்கே அடங்காத பாக்டீரியாவ நாமளே வீட்ல வளக்குறோம், அலங்கார மீன்கள்ல அந்த மாதிரி பாக்டீரியா இருக்குன்னு ஆராய்ச்சிக்காரங்க பல நாட்டுல திரும்பத் திரும்ப எழுதிட்டாங்க. பேப்பர்ல ஆன்டிபயாடிக் பேரும் அளவும் அச்சடிச்சு குடுக்கிறத தயவுசெஞ்சு விட்டுடுங்க.

இன்னொன்னு, இது மனுஷங்களுக்காக. மீன் டிபின்னு சொல்றத உண்டாக்குற மைக்கோபாக்டீரியம் மரினம், 1926லயே அமெரிக்காவுல பிலடெல்பியா காட்சிசாலை மீன்கள்லேர்ந்து பிரிச்சு எடுத்தாங்க. மீன் எளைச்சுக்கிட்டே போகும், முதுகெலும்பு வளையும், புண்ணு வரும், மாசத்துக்கு ஒன்னுன்னு காரணம் தெரியாம சாகும். கையில வெட்டு, கீறல் இருக்கும்போது தொட்டிக்குள்ள விட்டா நமக்கும் தோல்ல வரும், விரல்லயோ பொறங்கையிலயோ ஆறாத கட்டியா நிக்கும். இது 30 டிகிரி பக்கம்தான் நல்லா வளரும், சாதாரண 37 டிகிரி டெஸ்ட்ல மாட்டாம தப்பிச்சிடும், அதனால வீட்ல மீன் தொட்டி இருக்குன்னு டாக்டர்கிட்ட நாமதான் வாயத் தொறந்து சொல்லணும். சிகிச்சை மாசக்கணக்குல போகும். கையில காயம் இருந்தா க்ளவுஸ் போடுங்க, தொட்டித் தண்ணிய ட்யூப்ல வாய் வச்சு இழுக்காதீங்க, இந்த ரெண்டு வரி உங்க பட்டியல விட முக்கியம்னு நெனைக்கிறேன்.

இதெல்லாம் சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்னு கேக்கலாம். முழுசா தெரிய வேண்டாம், தெரிஞ்சவங்கள கேட்டாப் போதும். மீன் பாக்குற கால்நடை டாக்டர் கண்ணாடித் துண்டால மீன் தோல் மேல லேசா வழிச்சு, ஒரு சொட்டு தொட்டித் தண்ணி விட்டு மைக்ராஸ்கோப்ல வைப்பார், சில நிமிஷத்துல விஷயம் வெளிய வந்துடும். இக் ஒட்டுண்ணி பெருசா, ஓரமெல்லாம் மயிரிழை துடிக்க மெதுவா உருண்டுக்கிட்டு இருக்கும், நடுவுல வளைஞ்ச கரு தெளிவா தெரியும், ஒரு தடவ பாத்தவங்க மறக்கவே மாட்டாங்க. செத்த மீனா இருந்தா ஈரத்தோட பையில போட்டு ஐஸ் மேல வச்சு சீக்கிரமா கொண்டு போகணும், ஃப்ரீசர்ல வைக்கக்கூடாது, ரொம்ப நேரம் தண்ணில மெதந்ததுலயும் ஒன்னும் தெரியாது. தொட்டித் தண்ணி ஒரு பாட்டில்ல தனியா எடுத்துட்டுப் போங்க. புதுசா வாங்குற மீன தனித் தொட்டில மூணு நாலு வாரம் வச்சுட்டு அப்புறம் சேத்தா இந்த லெட்டர்ல பாதி தேவையே படாது.

எல்லாத்தையும் காப்பாத்திடலாம்னு நான் சொல்ல வரல. செதிலெல்லாம் தூக்கிக்கிட்டு வயிறு ஊதி நிக்கிற மீனுக்கு பெரும்பாலும் கிட்னி போயிருக்கும், நியான் டெட்ரா நோய்க்கு மருந்தே இல்ல. அந்த மாதிரி மீன தனியா எடுத்து அமைதியா வைக்கிறதும், ரொம்ப கஷ்டப்பட்டா கால்நடை டாக்டர்கிட்ட சொல்லி வலி இல்லாம முடிச்சு விடுறதும் அத வளக்குறவங்க கடமைதான்.

உங்ககிட்ட கேக்குறது இதுதான். அந்தப் பட்டியல திரும்ப அச்சுல போடாதீங்க, மீன் நோய் பாக்குற டாக்டர் ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கி, டெஸ்ட் கிட்ல என்ன பாக்கணும், மீன எப்படி பாக்கணும்ங்கிறத ஒரு பக்கமா போடுங்க. அதுவரைக்கும், ஏற்கனவே ஊத்திட்டவங்க யாராவது இருந்தா அவங்களுக்காக இத மட்டும் இந்த வாரமே போட்டுடுங்க: தீவனத்த நிறுத்துங்க, ஏர் பம்ப்ப முழு வேகத்துல வைங்க. குளோரின் எடுத்த, அதே சூட்டுல இருக்கிற தண்ணியால கால்வாசிலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் இன்னைக்கு மாத்துங்க, நாளைக்கும் அதே அளவு மாத்துங்க. புது கார்பன் ஃபில்டர்ல போடுங்க. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுற வரைக்கும் தெனமும் டெஸ்ட் பண்ணுங்க, அதுக்குள்ள வேற எந்த மருந்தையும் தொட்டில ஊத்தாதீங்க.

இப்படிக்கு,
மீன் வளக்குற ஒரு வாசகர்